மலை என்று யார் சொன்னது?

ராயப்பன்பட்டியில் திராட்சைப் பந்தல் போட்டு, மருந்தடித்து, மழைக்குப் பயந்தே காலம் தள்ளும் எங்களுக்கு மலை எது, கட்டடம் எது என்ற பொது அறிவு கிடையாது. தேவாரத்துக்கு அந்தப் பக்கம், பொட்டிபுரத்து அம்பரப்பர் மலையைத் தலைமுறை தலைமுறையாக மலை என்றே நினைத்திருந்தோம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம்தான் கண்ணைத் திறந்துவைத்தது.

நியூட்ரினோ ஆய்வகத்துக்காக அந்த மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம். உள்ளே 50,000 டன் எடையில் ஒரு கருவி. 2018 மார்ச்சில் அனுமதி தந்தபோது இதை எந்த இனத்தில் சேர்த்தார்கள் தெரியுமா? கட்டடம், கட்டுமானம்! அடுக்குமாடியும் வணிக வளாகமும் வருகிற அதே வரிசை. அந்த வரிசைக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லையாம். வெயிலில் வந்து நாங்கள் சிரமப்படக் கூடாதே என்ற கரிசனம்!

இங்கே கிணற்றுக்கு வெடி வைத்தாலே பக்கத்துத் தோட்டக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்: "யோவ், என் கிணத்துல ஊத்து அடைபட்டா யாருய்யா பதில் சொல்றது?" விஞ்ஞானம் அறியாத மனிதர்.

2011இல் தந்த முதல் அனுமதியும் லேசுப்பட்டதல்ல. 5 கிலோமீட்டருக்குள் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறதே என்ற அற்பக் காரணத்துக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் அதை நிறுத்திவைத்தது. அமைச்சகம் கோபித்துக்கொண்டு பூங்காவை நகர்த்தவில்லை. மறு வருஷமே புது அனுமதி எழுதிக்கொண்டதோடு சரி.

அதைவிட மெச்ச வேண்டியது, வதந்தியை அவர்கள் பேணிய விதம். நியூட்ரினோவால் ஊரே கருகிவிடும் என்று சிலர் கிளப்பிவிட்டது சுத்தப் பொய். அந்தத் துகள் இப்போதும் கோடிக்கணக்கில் நம் உடம்புக்குள் புகுந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொய் எவ்வளவு உபகாரமாக இருந்தது! வெடி அதிர்வு, பாறைத் தூசு, நிலத்தடி நீர் என்று எவன் எதைக் கேட்டாலும், வரைபடத்தையே விரித்துக் காட்டினாலும், எல்லாவற்றையும் 'வதந்தி' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட முடிந்தது.

2022 பிப்ரவரியில் மாநில அரசே, அந்த மலைப்பகுதி புலிகள் நடமாடும் வழி என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டது. இந்த வதந்தியைக் கோட்டைவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது எவன் என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. பெருந்தன்மைதான்.