இழுப்பது வேறு, சுமப்பது வேறு

போன சனிக்கிழமை பாட்லக்கில் புளியோதரைத் தட்டோடு நின்றிருந்த என்னிடம் ஒருவர் வந்து, "டூயலி எடுக்கலையா? அப்புறம் எதுக்கு பாஸ் ஃபிஃப்த் வீல்?" என்றார். அவரிடம் டிரக் கிடையாது, கேம்பர் கிடையாது. ஓட்டுவது மின்சாரக் கார். ஆனால் யூடியூப் இருக்கிறதே! பின்னால் நான்கு சக்கரம் இல்லாத டிரக்கில் குடும்பத்தை ஏற்றுகிறவன் மனுஷனே இல்லை என்கிற மாதிரி ஒரு பார்வை வேறு.

டாலஸ் பக்கத்து நம்மவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். நீங்களும் இரவு இரண்டு மணிக்கு ஆக்ஸில் ரேஷியோ 3.55-ஆ 4.10-ஆ என்று தேடியவர்கள்தான். டீசலா, கேஸா என்பதுதான் அசல் கேள்வி.

அதற்குமுன் அந்த ஸ்டிக்கர். விளம்பரத்தில் 20,000 பவுண்டு இழுக்கும் என்று மலையையே கட்டி இழுக்கிறார்கள். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், ஆளும் சாமானும் சேர்ந்து 2,100 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று சின்ன எழுத்தில் ஒட்டியிருக்கிறது. சம்பளச் சீட்டில் மேலே இருப்பது ஒன்று, பிடித்தம் போகக் கைக்கு வருவது ஒன்று என்பது போலத்தான் இதுவும். எஃப்-250 ரக வண்டிகள் பலவற்றில் வண்டியும் சுமையும் சேர்ந்து 10,000 பவுண்டுதான் என்று கம்பெனியே எல்லை கட்டிவிடுகிறது. வண்டியின் எடை போக மிச்சம்தான் நமக்கு.

ஆகவே வண்டியில் நல்லதாக எது இருந்தாலும் கழித்தல். டீசல் எஞ்சின் கேஸ் எஞ்சினைவிடச் சில நூறு பவுண்டு அதிகம், கழி. ஃபோர் வீல் டிரைவ், கழி. கூரை முழுக்கக் கண்ணாடி, கழி. முதுகைப் பிடித்துவிடும் சீட், தானாக இறங்கும் படி; கழி, கழி. விலை ஏற ஏற சுமக்கும் சக்தி இறங்குகிற பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இருப்பதிலேயே ஒட்டாண்டி மாடல்தான் நிறையச் சுமக்கிறது. அதை ஷோரூமில் காட்டவே மாட்டார்கள்.

இன்னும் கேம்பரை மாட்டவில்லை. 14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 2,800 பவுண்டு, டிரக்கின் முதுகில் உட்காரும். நாங்கள் ஏறுவதற்கு முன்பே வண்டி ஃபெயில். ஹிட்ச் தனி. நீளத் தொட்டி வண்டி கராஜில் நுழையாது. குட்டைத் தொட்டி எடுத்தால் திருப்பத்தில் கேம்பரின் மூக்கு பின்கண்ணாடியை இடிக்கும். அதற்கென்று நகரும் ஹிட்ச் ஒன்று இருக்கிறது, அது இன்னும் கனம், கழி.

அப்புறம் ஆட்கள். இழுதிறனை அளக்கும் ஜே2807 என்கிற விதி, முன்சீட்டில் ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டு பேர் என்று கணக்கு வைக்கிறது. எழுதிய பொறியாளர்கள் எங்கள் பாட்லக்குக்கு வந்ததில்லை. பின்சீட்டில் பிள்ளைகள், அவர்கள் காலடியில் குக்கர், தோசைக்கல், அரிசி மூட்டை. "ஏங்க, கிரைண்டரை எங்க வைக்கிறது?" என்றாள் மனைவி. மாவை அரைத்தே எடுத்துப் போகலாம் என்றேன். புளித்துப் பொங்கினால் யார் துடைப்பது என்றாள். கல் இரண்டு, கல் தொட்டி ஒன்று, கழி. மகன் ஒரு காலன் தண்ணீர்க் கேனைத் தூக்கி வைத்தான். "எட்டு புள்ளி மூணு" என்று என் வாய் தானாகச் சொன்னது. அவன் அம்மாவைப் பார்த்தான்.

எஃப்-350 எடுத்தால் தீருமே என்பீர்கள். தீரும். டூயலி எடுத்தால் இன்னும் தீரும். எட்டடி அகலத்தை டிரைவ்-த்ருவில் ஓட்டிக் காட்டுங்கள், பிறகு பேசுவோம். எங்கள் குடியிருப்புச் சங்கம் குப்பைத்தொட்டி அரைநாள் வெளியே நின்றாலே கடிதம் போடும்.

போன இடத்திலெல்லாம் கொலராடோ ஐசன்ஹோவர் சுரங்கம் என்கிறார்கள். 11,000 அடி உயரம், இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாவிட்டால் பிரேக் கருகிவிடும், கம்மின்ஸ்தான் சரி, இல்லை டியூராமேக்ஸ்தான். நாங்கள் போகப்போவது டெக்ஸோமா ஏரிக்கு. தோசைக்கல் மாதிரி தட்டை என்று சொல்ல வந்தேன், அதன் எடை ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊரின் ஒரே மலை, 75-ம் 635-ம் சந்திக்கிற ஐந்தடுக்கு ஹை ஃபைவ் மேம்பாலம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே விற்பனைக்காரர் போன் செய்தார். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் தொட்டிக்குக் குறுக்கே இரும்பு டூல் பாக்ஸ் ஒன்று சேர்த்துத் தருகிறார்களாம்.

"எவ்வளவு?" என்றேன்.

"ஒரு டாலர்கூட வேண்டாம்."

"அது இல்லை. எத்தனை பவுண்டு?"

மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர்தான். வேறு எவனுக்காவது வண்டியை விற்றிருப்பார்.