பேசின் பிரிட்ஜில் தோற்ற குதிரை

காலையில் பொன்னேரி ஸ்டேஷனில், நண்டுக் கூடையோடு நிற்கும் கூட்டத்துக்கு நடுவே வெறுங்கையோடு நிற்பார். சட்டைப் பையில் நான்காய் மடித்த ரேஸ் புத்தகம், காதில் பேனா. பழவேற்காட்டுப் பக்கம் குப்பத்துக்கு இப்படி ஒரு குதிரை ரேஸ்காரர் உண்டு.

"தோத்துட்டேன்" என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. தோற்பது ரயில்தான். பொன்னேரியில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதையில் பூங்கா ஸ்டேஷனுக்கு ஓடி, தாம்பரம் வண்டியைப் பிடித்துக் கிண்டியில் இறங்கினால், ரேஸ் மைதானம் நடக்கிற தூரம். இவ்வளவு நீள வழியில் பழி போட இடமா இல்லை?

"பேசின் பிரிட்ஜுல சிக்னல் போடல மச்சான். உள்ள போறேன், முதல் ரேஸ் முடிஞ்சுபோச்சு. ஜெயிச்சது எது? மீஞ்சூர்லயே நான் டிக் அடிச்சு வெச்ச குதிரை!"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த ரேஸில் ஓடிய பாதிக் குதிரைகளுக்கு டிக் இருந்தது. ஆடுகிற வண்டியில் போட்டதால் எல்லாம் கோணல். ஜெயித்த குதிரைக்கு மட்டும் ஆடாமல் அசையாமல் ஒரு நேரான டிக்.

அடுத்த வாரம் அத்திப்பட்டில் நிலக்கரி வண்டிக்கு வழி விட்டார்கள். அதற்கடுத்த வாரம் சைதாப்பேட்டையில் ஏறிய கும்பல் கிண்டியில் இறங்க விடவில்லை. எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்த நாளில் என்னய்யா ஆச்சு என்றேன். "சீக்கிரமே போயிட்டேன் மச்சான். நேரம் இருந்துச்சா, யோசிச்சுட்டேன். யோசிச்சா குதிரைய மாத்தத் தோணாதா?"

சூதாட்டம் என்று சொன்னால் கோபம் வரும். 1974இல் தமிழ்நாடு அரசு ரேஸைத் தடை செய்து சட்டம் போட்டதும், 1996இல் உச்ச நீதிமன்றம் 'இது அதிர்ஷ்டமல்ல, திறமை' என்று தீர்ப்பளித்ததும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. திறமை இவருடையது, அதிர்ஷ்டம் மட்டும் ரயில்வே கையில்.

ஒன்று சொல்ல வேண்டும். குதிரையின் தாய், தகப்பன், போன தடவை சுமந்த எடை, ஜாக்கியின் கை எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், வலை பின்னுகிறவர்கள்கூட ஊசியைக் கீழே வைத்துவிடுவார்கள். மனிதர் பணத்துக்காக மட்டும் போகவில்லை என்று அப்போது தோன்றும்.

ஆனால் அந்தப் பணம் யாருடையது? பழவேற்காடு ஏரியில் நாங்கள் முறை வைத்து வலை போடுகிறோம்; அதைப் பாடு என்போம். அவர் முறை ரேஸ் நாளில் விழுந்தால் ஆள் இருக்க மாட்டார். வலை இழுக்க ஒரு ஆள் குறைவு, பங்கு கேட்க மட்டும் ஆள் சரி. அவர் வீட்டு அம்மா சேற்றில் உட்கார்ந்து இறால் தடவிச் சேர்த்த காசு கிண்டி கவுன்டரில் போனது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

2024 செப்டம்பரில், 1945இல் கொடுத்த 99 வருடக் குத்தகையை ரத்து செய்து, 160 ஏக்கர் கிண்டி மைதானத்துக்கு அரசு சீல் வைத்தது. வாடகை பாக்கி ரூ.730 கோடி என்றார்கள். நம்மவர் ஊருக்குள் வைத்திருக்கும் பாக்கி தனிக் கணக்கு. எங்கள் குப்பமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அவர் மட்டும், "அடுத்த வாரம் எனக்குக் கட்டாயம் அடிச்சிருக்கும், தெரிஞ்சுதான் பூட்டிட்டாங்க" என்றார்.

போன வாரம் வீட்டுக்கு வந்தார். பெங்களூரில் ரேஸ் கோர்ஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். டிக்கெட்டுக்கு மட்டும் கைமாற்று வேண்டுமாம். பெங்களூர் வண்டியும் பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் போகும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப முந்தின நாளே கிளம்பிடறேன், லாட்ஜுக்கும் சேர்த்துக் குடு" என்றார்.