கிழங்கு அண்ணை

முதல் உறைபனியில் இலை கருகியதும் மற்றவர்களுக்குத் தோட்டவேலை முடிந்துவிடும். டேலியா அண்ணைக்கு அப்போதுதான் தொடங்கும். ஸ்காபரோவில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். தண்டை அரையடி விட்டு வெட்டி, கிழங்கைக் கிண்டி எடுத்து, கழுவி, உலர்த்தி, மரத்தூளில் புதைத்துப் பெட்டி பெட்டியாகப் பேஸ்மென்டில் இறக்குவார். மெக்சிக்கோ மலைச் செடி. கனடாவின் உறைந்த மண்ணில் விட்டால் அழுகிப்போகும். நியாயம்தான்.

அதே பேஸ்மென்டில் நான் வாடகைக்கு இருக்கிறேன் என்பதுதான் சிக்கல்.

"தம்பி, நாலு பாகைக்கும் பத்துக்கும் இடையில வைச்சிருக்கவேணும். கூடினால் முளைச்சிடும், குறைஞ்சால் விறைச்சிடும்."

"அப்ப நான்?"

"நீர் ஸ்வெட்டர் போடலாம்தானே. அதுகள் போடுமோ?"

ஞாயிறு காலை கதவு தட்டப்படும். விசாரிப்பு எனக்கல்ல. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கிழங்காக எடுத்து அமத்திப் பார்ப்பார், மணந்து பார்ப்பார். சுருங்கியிருந்தால் தண்ணீர் தெளிப்பார். அழுகல் கண்டால் அந்த இடத்தைச் சீவி எறிந்து, வெட்டுவாயில் கறுவாத்தூள் பூசுவார். வீட்டுக்கார அக்காவின் கறுவா எங்கே போகிறது என்று மேல்வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது. பிறகு போன் வெளிச்சத்தில் 'கண்' தேடல். தண்டோடு கழுத்து சேருமிடத்தில் குண்டூசித் தலையளவு ஒரு புடைப்பு. அது இல்லாவிட்டால் எவ்வளவு கொழுத்த கிழங்கும் முளைக்காது. சாமம் ஒரு மணிக்கும் தேடுவார். "தம்பி, கண் திறந்திட்டுது, ஓடிவாரும்!" நான் என் கண்ணைத் திறந்துகொண்டு போவேன்.

மே கடைசியில் நடுவார். காதுப்பூச்சியோடு சண்டை, கம்பு நடுதல், நுனி கிள்ளுதல் எல்லாம் இருக்கின்றன. அவற்றை அவரே உங்களுக்குச் சொல்லுவார், தப்பமுடியாது.

ஓகஸ்டில் 'கஃபே ஓ லே' என்ற டேலியா விரியும். சோற்றுக்கோப்பை அகலம், பால்தேநீர் நிறம். முதல் பூவை வெட்டி என் கதவடியில் போத்தலில் வைத்துவிட்டுப் போவார். "உம்மோட ஒரே அறையில கிடந்த பிள்ளைதானே" என்பார். அந்த நேரம் மனிதரைக் கோபிக்க மனம் வராது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை சூடு இருக்கவேண்டும் என்பது ரொறன்ரோ நகரச் சட்டம். கிழங்குக்கு அதில் விலக்கு இல்லை. வாடகை கட்டுவதும் கிழங்கு இல்லை. அண்ணை, பூ நல்ல வடிவு. இந்த முறை பெட்டிகளைக் கராஜுக்குக் கொண்டுபோங்கோ.