சிட்லபாக்கம் ஹால்களில் ரிசீவர்–ஸ்பீக்கர் இணக்கம்: ஒரு கள ஆய்வு

இவ்வாய்வின் எல்லை மேற்கே ரயில் தண்டவாளம், கிழக்கே செம்பாக்கம், தெற்கே சேலையூர், வடக்கே குரோம்பேட்டை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது சிட்லபாக்கம் பேரூராட்சி அதற்குள் அடங்கியது. ஹால்களின் அளவு மட்டும் மாறவில்லை. பத்தடிக்குப் பதினான்கடி, உயரம் பத்தடி, தரையில் வழுவழுப்பான டைல்ஸ், புட்டி பூசிய சுவர், நடுவில் மின்விசிறி: இதுவே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி ஹால். இதைவிடப் பெரிய ஹால் உடையவர்கள் தங்களுக்கான கட்டுரையைத் தாங்களே எழுதிக்கொள்வார்களாக.

முதன்மைச் சான்றாக ஹோம் தியேட்டர் ரிசீவரின் பின்பக்கத் தகட்டில் பொறித்துள்ள எழுத்துகள் கொள்ளப்பட்டன. துணைமைச் சான்றுகள் ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்களின் வாய்மொழி, ஸ்பீக்கர் வாங்கிய மச்சான்களின் வாய்மொழி, ஹாலில் நிரந்தரமாக அமர்ந்திருக்கும் அத்தையின் வாய்மொழி ஆகியன. மூன்றில் கடைசியே நம்பகமானது என்பது போகப்போக விளங்கும். எந்த ரிசீவருக்கு எந்த ஸ்பீக்கர் என்பது கடையில் முடிவாகும் விஷயம் அல்ல, ஹாலும் அதில் உட்காருகிறவர்களும் முடிவு செய்யும் விஷயம் என்பது நம் கருதுகோள்.

முன்னாய்வுகளில் முதலிடம் பெறுவது சூடு–குளிர்ச்சிக் கொள்கை. மாம்பழம் சூடு, மேலே பால் குடி. வெள்ளரிக்காய் குளிர்ச்சி, மிளகு தூவு என்று பாட்டிமார் வகுத்த அதே நெறியில், கிளிப்ஷ் ஸ்பீக்கர் சூடு, அதற்கு டெனான் ரிசீவர் போட்டால்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். கிளிப்ஷோடு யமஹா சேர்ந்தால் காது எரியும் என்று இப்பள்ளியினர் போதிக்கின்றனர். கண்ணைக் கட்டிவிட்டு எது யமஹா, எது டெனான் என்று கேட்டால் இப்பள்ளியினர் காபி குடிக்க எழுந்துவிடுகின்றனர். தன் எல்லைக்குள் ஓடும் எந்த நல்ல ரிசீவரும், மனிதக் காதுக்கு எட்டும் அலைவெண்கள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராகத்தான் ஒலியைப் பெருக்கித் தரும். அதே ஸ்பீக்கரை சுவரோரமாக ஓரடி தள்ளி வைத்தால் கீழ்ச்சுருதி சில டெசிபல் ஏறிவிடுகிறது. ஆனால் ஸ்பீக்கரை நகர்த்தி வைப்பதற்குக் கடையில் பில் போடமாட்டார்கள். ஆகவே அந்த உண்மை பரவவில்லை.

ஓம் கணக்கு இரண்டு நிமிட வேலை. ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இலேயே சொல்லிவிட்டுப் போனதுதான். தகட்டில் 6 முதல் 16 ஓம் என்றிருந்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தடையில்லை. 4 ஓம் ஸ்பீக்கரோ அதே மின்னழுத்தத்தில் இரண்டு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ரிசீவர் கொதித்து, கிளைமாக்ஸில் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். நிற்க, சிட்லபாக்கத்தில் ரிசீவர் கொதிக்க 4 ஓம் தேவையில்லை. கண்ணாடி ஷோகேஸுக்குள் தள்ளி, மேலே குரோஷாத் துணி விரித்து, துணிமேல் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையும் வைத்தால் கத்திரி வெயிலில் 8 ஓமே போதும். ரிசீவரின் தலைக்கு மேல் நான்கு விரற்கடையாவது காலியாக விடுக.

இனி வாட். மூலநூல்கள் மிகக் குழம்பிக் கிடக்கும் இடம் இது. சேனலுக்கு 100 வாட், சேனல் ஏழு என்று அட்டைப்பெட்டி கூவுகிறது. அதே பெட்டிக்குள் இருக்கும் ரிசீவரின் பின்புறத்தில், சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம் 400 வாட், 500 வாட் என்று சின்ன எழுத்தில் பொறித்திருக்கும். ஐந்நூறு வாங்கி எழுநூறு தரும் இயந்திரத்தை இயற்பியல் இன்னும் அனுமதிக்கவில்லை. அட்டையில் உள்ள நூறு பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது, சில சமயம் ஒரே ஒரு சேனல் ஓடும்போது அளந்தது. கேசட் காலத்துக் குட்டி ஸ்பீக்கர்கள் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட் போட்டு விற்றதைப் பார்த்த தலைமுறைக்கு இது அடக்கமான பொய்யாகவே படும்.

ஆனால் இந்த நூறில் எவ்வளவு செலவாகிறது? ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் நின்றால் அவ்வளவு கேட்கும் என்று பொருள். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். நம் ஹாலில் சோஃபாவுக்கும் டிவிக்கும் இடையே இரண்டரை மீட்டர். அங்கே ஒரு வாட்டுக்கு 79 டெசிபல் வரும். வீட்டில் வசனம் கேட்க 65 போதும். பின்னோக்கிக் கணக்கிட்டால் வசனத்துக்கு ஆகும் செலவு ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. முழு ஒரு வாட்டை எட்டும்போதே சமையலறையிலிருந்து “என்னங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க” என்று குரல் வரும். மீதி தொண்ணூற்றொன்பது வாட்டும் பெரும்பாலான வீடுகளில் கன்னிகழியாமல் இருக்கின்றன.

படத்தில் குண்டு வெடிக்கும்போது மட்டும் அவற்றுக்கு வேலை உண்டு. வசனத்தைவிட 30 டெசிபல் கூடுதலாக ஒரு வெடி வந்தால் ஆயிரம் மடங்கு சக்தி வேண்டும், அதாவது 40 வாட். அந்த ஒரு கணத்துக்காகத்தான் பெரிய ரிசீவர். உணர்திறன் 90 உள்ள ஸ்பீக்கரை வாங்கினால் அதே வெடிக்குப் பாதி வாட் போதும். 3 டெசிபலின் அருமை இதுதான். ரிசீவருக்கு ஆயிரங்களைக் கொட்டுமுன் ஸ்பீக்கர் அட்டையில் இந்த ஓர் எண்ணைப் பார்க்கவும்.

உணர்திறனுக்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்கிறவர் போகிறார். வண்டியில் ஒரு குழாய் ஸ்பீக்கர், ஒரு பேட்டரி, பதிவு செய்த ஒரு குரல். குழாய் ஸ்பீக்கரின் உணர்திறன் 105 டெசிபலைத் தாண்டும். அவர் செலவழிக்கும் ஒரு வாட்டைத் தொட நம் ஹால் ஸ்பீக்கருக்கு அறுபது வாட்டுக்கு மேல் வேண்டும். ஆடி மாதத்து அம்மன் கோயில் கூழ் வார்த்தலும் இதே தொழில்நுட்பம்தான். கீழ்ச்சுருதி சுத்தமாக வராது. அதனால் என்ன, எல்.ஆர்.ஈஸ்வரி குரல் மூன்று தெரு தாண்டித் தெளிவாகக் கேட்கிறதே.

தெளிவு என்றதும் இவ்வாய்வின் நடுநாயகமான சிக்கலுக்கு வருகிறோம். தமிழ்ப் படங்களின் ஒலி தியேட்டருக்கென்று கலக்கப்படுவது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு வந்தது முதல், 2012-இல் ‘சிவாஜி’ முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸிலும், 2013-இல் ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டி-யிலும் வந்தது வரை, குசுகுசுப்புக்கும் இடிக்கும் இடையேயுள்ள தூரம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் அது சுகம். ஹாலில் அதன் விளைவு: ஹீரோ என்ட்ரியில் சத்தத்தைக் குறை, அம்மா மகனிடம் ரகசியம் சொல்லும்போது கூட்டு, அடுத்த நொடி சண்டை, மறுபடி குறை. ரிமோட் வைத்திருப்பவர் படம் பார்ப்பதில்லை. ஒலிக்கலவைப் பொறியாளராகப் பணியாற்றுகிறார், ஊதியமின்றி.

மருந்து இரண்டு. 5.1 ஒலியில் வசனம் ஏறக்குறைய முழுதும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. ஆனால் நம்மவர் இடமும் வலமும் ஆளுயரத் தூண் வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு நடு ஸ்பீக்கர் வாங்குகின்றனர். கதையை யார் சொல்கிறாரோ அவருக்குத்தான் பணம் போடவேண்டும். முன்வரிசை மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருக்கட்டும். இல்லையேல் கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் வேறு காராக மாறும். இரண்டாவது மருந்து, ரிசீவர் மெனுவில் ஒளிந்திருக்கும் இரவு முறை. அது இடியைத் தாழ்த்திக் குசுகுசுப்பை உயர்த்தும். ஒலிச்சுவைஞர்கள் அதைக் கேவலம் என்பார்கள். அவர்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இல்லை.

ஹாலின் பங்கு என்ன? ஹார்வர்டில் 1895 வாக்கில் வாலஸ் சாபின் என்ற இளம் பேராசிரியரிடம், பேச்சே புரியாமல் எதிரொலித்த ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் பொறுப்பு வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் வைத்த அலகு, திறந்த ஜன்னல். அவருடைய சூத்திரத்தை நம் மாதிரி ஹாலில் போட்டால், சாமான் ஏற்றாத வெறும் ஹாலில் ஒலி ஓய மூன்று நொடிக்கு மேல் ஆகும். கிருகப்பிரவேசத்தன்று ஐயர் சொல்லும் மந்திரம் இரண்டு முறை கேட்பது இதனால்தான். வசனம் புரிய அந்த நேரம் அரை நொடிக்குள் வரவேண்டும். ஓர் ஆள் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். ஆகவே அத்தை ஹாலில் உட்கார்ந்திருப்பது ஒலியியல் நோக்கில் வரவேற்கத்தக்கது. உண்மையான ஜன்னலைத் திறக்க முடியாது, ஆறு மணிக்கு மேல் கொசு.

கள ஆய்வில் எதிர்பாராமல் கிட்டியது, பருவமழைக் கண்டுபிடிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் துணி காயாது. ஹாலில் குறுக்கே கயிறு கட்டி வேட்டி, போர்வை, டவல், பள்ளிச் சீருடை எல்லாம் தொங்கும். அந்த இரு மாதங்களும் சிட்லபாக்கத்து ஹோம் தியேட்டர்கள் ஆண்டிலேயே மிகத் தெளிவாக ஒலிக்கும். திரை தெரியாது என்பது வேறு துறையின் சிக்கல்.

சப்வூஃபர் விஷயத்தில் சாஸ்திரங்கள் இரண்டும் ஒத்துப்போகின்றன. கனமான பொருளைக் கன்னி மூலையில் வை என்கிறது வாஸ்து. எந்த மூலையானாலும் பாஸ் கூடும் என்கிறது ஒலியியல். ஆனால் அகலமும் உயரமும் இரண்டும் பத்தடியாக இருப்பதால், நம் வெயிலில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் ஓடும்போது, 57 ஹெர்ட்ஸில் இரண்டு அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அந்தச் சுருதியில் தவில் அடித்தால் ஷோகேஸ் கண்ணாடி கூடவே வாசிக்கும். கீழ்வீட்டுக்காரர் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் வாசிப்பார். தீர்வு உண்டு: சப்வூஃபரைச் சோஃபாவில், நாம் உட்காரும் இடத்தில் வைத்து ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போகவேண்டும். பாஸ் சீராகக் கேட்கும் இடத்தில் அதை வைக்கலாம். நடுவயதுக்காரர் இதைச் செய்யும்போது உறவினர் வருகை தவிர்க்கப்படவேண்டும்.

ஒயர் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது உலகத்தில். ஐந்து மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் தாராளம். சிவப்பும் கறுப்பும் மாறாமல் இருந்தால் சரி. சந்தேகமென்றால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கவும்: வூஃபர் வெளியே தள்ளினால், பேட்டரியின் நேர்முனை தொட்ட ஒயர் சிவப்புக்குப் போவது. அட்மாஸுக்காக மேல்நோக்கிப் பாடும் ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள், ஒலி கூரையில் பட்டுத் திரும்பும் வழியில் மின்விசிறி சுற்றுகிறது என்பதை நினைவில் கொள்க.

எல்லாவற்றையும் சரிக்கட்ட ரிசீவரே மைக் ஒன்றைத் தருகிறது. அறை அமைதியாக இருக்கவேண்டும் என்று ஒரே நிபந்தனை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. குக்கருக்கும், கீரைக்காரம்மாவுக்கும், தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானத்துக்கும் அது தெரியாது. மின்விசிறி உட்பட எல்லாம் ஓய்ந்து சிட்லபாக்கம் நிசப்தமாவது கரண்ட் போகும்போதுதான். அப்போது ரிசீவரும் ஓய்ந்திருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அதை ரிசீவருக்குத் திருப்பிவிடும் துணிவை இவ்வாய்வாளர் எங்கும் காணவில்லை.

இறுதியாக, பயன்பாட்டுத் தரவு. மாலை ஆறு முதல் பத்து வரை பெரும்பாலான வீடுகளில் சீரியலும் செய்தியும் ஒலிப்பது டிவியின் சொந்த ஸ்பீக்கரிலேயே. ரிசீவரை எழுப்ப மூன்று ரிமோட்டை எந்த வரிசையில் அழுத்தவேண்டும் என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் கிண்டி தாண்டி இன்னும் மின்சார ரயிலில் நின்றுகொண்டிருக்கிறார். எச்.டி.எம்.ஐ. ஒயரை டிவியில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையில் செருகி, இரு மெனுவிலும் எச்.டி.எம்.ஐ. கன்ட்ரோலை ஆன் செய்தால், டிவி ரிமோட் ஒன்றே இரண்டையும் எழுப்பும். ரிசீவருக்குப் பார்க்கவேண்டிய முதல் பொருத்தம் அத்தையின் கையிலிருக்கும் அந்த ரிமோட்.

மேலாய்வுக்குரிய களங்கள்: கொலுப்படி ஒலிச்சிதறடிப்பானாகச் செயல்படும் முறை; சீரியல் மாமியார் திரும்பிப் பார்க்கும்போது எழும் பின்னணி இசைக்குத் தேவைப்படும் உச்ச வாட்; ஆயுத பூஜையன்று ரிசீவருக்கு வைக்கும் சந்தனம் காற்றுத் துளைகளை அடைப்பதால் நேரும் வெப்பநிலை உயர்வு. கடைசித் தலைப்புக்குத் தரவு திரட்ட விரும்புவோர் துடைக்கத் துணி எடுத்து வரவும்.