சிற்றில்ல வண்ண ஒருமை: சந்தன நிறச் சிக்கலை முன்வைத்து ஓர் ஆய்வு

சிற்றில்லம் என்பது, கூடத்தின் நடுவில் நிற்கும் ஒருவர் கழுத்தை மட்டும் திருப்பிச் சமையலறை அடுப்பையும் படுக்கையறைப் பீரோவையும் குளியலறைக் கதவையும் கண்டுவிடக்கூடிய வீடு என வரையறுக்கப்படும். சதுர அடியால் வரையறுப்பாரும் உளர்; விற்பவர் சொல்லும் சதுர அடிக்குள் மாடிப்படியும் லிஃப்ட் வாசலும் அடங்கிவிடுவதால் அவ்வரையறை கொள்ளத்தக்கதன்று. பெரிய வீட்டில் ஓர் அறை பச்சையாகவும் அடுத்த அறை ஊதாவாகவும் இருப்பினும் அவை ஒன்றையொன்று பாராமலே காலம் கழித்துவிடும். சிற்றில்லத்திலோ எல்லாச் சுவர்களும் ஒரே பார்வையில் அகப்படுதலின், அவை தம்முள் இணங்கி நிற்றல் வேண்டும். இவ்விணக்கமே ஈண்டு வண்ண ஒருமை எனப்பட்டது.

இப்பொருள் பற்றி முன்னோர் கூறியவற்றை முதலில் தொகுத்துரைத்தல் மரபு. அவற்றால் பயனுண்டா என்பது வேறு. நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நிறமாலையை ஏழாகப் பகுத்து இசையின் ஏழு சுரங்களோடு பொருத்தினார். கோத்தே 1810இல் வெளியிட்ட நிறக் கோட்பாட்டு நூலில் அவரை விரிவாக மறுத்தார். இவ்விருவரையும்விடச் சிற்றில்லத்தார்க்கு உதவுபவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். பாரிசில் கோபலின் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த அவரிடம், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்ற முறையீடு வர, குற்றம் சாயத்தில் இல்லை, கறுப்புக்கு அருகில் நெய்யப்பட்ட நிறங்களில்தான் என்று கண்டு 1839இல் நூலாக்கினார். ஆகவே சுவரின் நிறம் மங்கிப்போயிற்று என்று பெயின்டரைக் கடிந்துகொள்ளுமுன் அச்சுவரோரம் கிடக்கும் சோபா உறையை ஒருமுறை பார்த்தல் நன்று.

தொல்காப்பிய உரியியல் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளியையும் உணர்த்தும், நிறத்தையும் உணர்த்தும் என்று விதிக்கிறது. நிறத்தையும் சினத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்த இவ்வமைப்பு, பெயின்ட் கடைக்குக் கணவனும் மனைவியுமாகச் சென்று திரும்பியோரின் முகத்தைக் கண்டே செய்யப்பட்டது என்று ஒருவர் கட்டுரை எழுதலாம். நால்வர் அதை மறுத்து எழுதலாம். ஐவருக்கும் பதவி உயர்வுக்கான புள்ளிகள் கிடைக்கும்.

உள்ளலங்காரம் செய்வோர் அறுபது, முப்பது, பத்து என்றொரு விகித விதி கூறுவர். பார்வையில் படுவனவற்றுள் நூற்றுக்கு அறுபது பங்கு ஒரு நிறம், முப்பது பங்கு அதற்குத் துணையான நிறம், எஞ்சிய பத்து எடுப்பான நிறம் என்பது அதன் பொருள். இவ்விதி சுவர் கண்ணுக்குத் தெரியும் வீடுகளுக்கே பொருந்தும். சிற்றில்லத்தில் சுவர் என்பது பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் கொடியில் உலரும் துணிக்கும் மளிகைக்கடை நாட்காட்டிக்கும் இடையே ஆங்காங்கே வெளிப்படும் ஒரு பொருள். அதனினும் முக்கியம், சீதனமாக வந்த பச்சைப் பீரோவும், பூப்போட்ட சிவப்பு ஃபிரிட்ஜும், கட்டியவர் ஒட்டிவிட்டுப் போன தரை டைலும் மாற்ற முடியாதவை. ஆகவே சுவருக்கு நிறம் தேர்வதாக எண்ணுவோர் உண்மையில், முன்பே முடிந்துபோன ஒரு தேர்வுக்குச் சுவரைச் சம்மதிக்க வைக்கின்றனர் என்பதே இவ்வாய்வின் துணிபு.

அவ்வாறு எல்லாவற்றோடும் சம்மதிக்கும் நிறம் எது எனின், சந்தனம் என்க. இளநீலம் வேண்டுமென்று புறப்பட்டவரும், கைப்பேசியில் கண்ட சாம்பல் சுவரைக் கடைக்காரரிடம் நீட்டியவரும் இரண்டு மணி நேர வாதத்துக்குப் பின் சந்தனத்தோடு திரும்புதல் தமிழ்நாட்டு வழக்கு. எனினும் சந்தனம் யாது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அரைத்த கல்லில் ஈரத்தோடு இருக்கும் நிறம் என்பார் மாமியார். நெற்றியில் காய்ந்து வெளிறிய நிறம் என்பார் மாமனார். கல்யாண வாசலில் பன்னீரோடு கரைத்து வைத்த கிண்ணத்து நிறம் என்பாள் மருமகள். அவள் கணவன் சோப்பைக் குறிப்பிட்டுப் பேசி, இரு தரப்பாராலும் புறக்கணிக்கப்படுவான். ஐவரி, கிரீம், பிஸ்கட் ஆகியன சந்தனத்தின் வகைகளா, பகைகளா என்னும் வினாவும் தீர்ந்தபாடில்லை.

மூலநூலாகிய ஷேடு கார்டை நாடினால் சிக்கல் பெருகுமேயன்றிக் குறையாது. அதில் ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் ஓர் எண்ணும், பாலாடை, பனிமூட்டம், பாலைவனம் என்ற போக்கில் ஒரு கவிப்பெயரும் இருக்கும். சந்தனத்தைத் தேடுவோர் பெயரை விட்டு எண்ணைக் குறித்துக்கொள்வர் (ஷேடு கார்டு, மடிப்பு 3, கட்டம் 4). அக்கட்டமோ ஒளிக்கேற்பப் பாடபேதம் உடையது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் அளப்பர். 6500 கெல்வின் கொண்ட டியூப் லைட்டில் நீலச் சாயலும் 2700 கெல்வின் கொண்ட மஞ்சள் பல்பில் செம்மஞ்சள் சாயலும் மிகும். ஆகவே கடையில் ஐவரியாக இருந்தது வீட்டில் பிஸ்கட்டாகும் (மடிப்பு 3, கட்டம் 4, ஒப்புநோக்குக: அதே கட்டம், கடைக்கு வெளியே, நடைபாதையில், கை நிழல் விழாமல்). மேலும், சிறு கட்டத்தில் மெலிந்து தோன்றும் நிறம் முழுச் சுவரில் அடித்ததும் ஓங்கித் தெரியும், எமல்ஷன் காய்ந்தபின் பெரும்பாலும் சற்றே அழுத்தமாகும் (ஜன்னல் சுவர்ப் பிரதி, முதல் கோட்டு, மாலை, பெயின்டர் திருத்திய பிரதி, அதே சுவர், ஸ்டெய்னர் ஒரு சொட்டுக் கூடியது, பக்கத்து வீட்டம்மாள் ஓரக்குறிப்பு, திருத்திய பிரதியின் மீது, வாசற்படியில் நின்றபடி, கையில் கறிவேப்பிலையுடன்).

சந்தனத்தின் தொன்மையை நிறுவச் சுவரையே அகழ்தல் வேண்டும். பட்டி பார்க்குமுன் பழைய பூச்சைச் சுரண்டுகையில் பழங்குடியிருப்பொன்றில் வெளிப்பட்ட அடுக்குகள் மேலிருந்து கீழாக: சந்தன எமல்ஷன், பச்சை டிஸ்டம்பர், சந்தன டிஸ்டம்பர், நீலம் கலந்த சுண்ணாம்பு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது மேலும் வெளுக்கும். அதில் எஞ்சும் மஞ்சள் சாயலைக் கண்ணுக்கு மறைக்கவே நீலம் கலந்தனர். இவ்வடுக்குகளுள் பச்சையைப் பிற்கால இடைச்செருகல் என்பர் சந்தனக் கட்சியார். அடுக்கொன்றுக்கு ஐந்தாண்டு எனக் கணக்கிட்டால் சுவர் வீட்டைவிடச் சில ஆண்டு மூத்ததாக வருகிறது. அதற்காகக் கணக்கைக் கைவிட வேண்டியதில்லை, வீட்டுப் பத்திரத்தைத் திருத்தினால் போதும் என்பது, ஒரு சொல்லின் விகுதியைக் கொண்டு ஒரு நூலை நானூறு ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்துவோர் காட்டிய நெறி.

குளியலறைக்கு டைல் ஒட்டியபின் நிறம் பற்றிப் பேசுதல் வீண்.

வாடகை வீட்டில் நிறத்தைத் தேரும் உரிமை வீட்டுக்காரருக்கும், காலி செய்கையில் அட்வான்சில் பெயின்ட் செலவைக் கழித்துக்கொள்ளக் கேட்கும் பொறுமை குடியிருந்தவருக்கும் உரியன.

மீந்தவற்றை ஒருங்கே கூறும் இறுதி இயலுக்குச் சொல்லதிகாரம் எச்சவியல் என்று பெயரிட்டது. வண்ணத்துறையிலும் அவ்வியலே வலிமையுடையது. சுவர் முடிந்தபின் டப்பாவின் அடியில் தங்கும் அரை லிட்டர் சந்தனம், மரமுக்காலிக்கும் லாஃப்ட் பலகைக்கும் பூந்தொட்டிக்கும் அடிக்கப்பட்டு, எந்த வல்லுநரும் திட்டமிடாத ஒருமையை அவ்வீட்டுக்கு அளிக்கிறது. ஜன்னல் கிரில்லுக்கும் அதையே அடிக்க முற்படுவோர் உளர். தண்ணீரில் கரையும் எமல்ஷன் வெற்றிரும்பில் நிலைக்காது, அடியில் துரு கிளம்பும், ஆதலின் கிரில்லுக்கு எனாமலே வேண்டும். கிரில்லுக்கு வாங்கிய எனாமலின் எச்சம் வாசல் கேட்டுக்கும், கேட்டின் எச்சம் சைக்கிளுக்கும் செல்லும். இருபது லிட்டர் வாளி கழுவப்பட்டுக் குளியலறை சேர்ந்து, நிறுவனத்தின் பெயரோடு பல்லாண்டு நிற்பதால், டைலால் கைநழுவிய குளியலறையும் இவ்வாறு வண்ணத் திட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

மேற்கூரைக்கு வெள்ளை. ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்புவது வெள்ளையாதலின் தாழ்ந்த கூரையும் சற்றே உயர்ந்து தோன்றும். இதில் மாமியார், மருமகள், கடைக்காரர், பெயின்டர், பக்கத்து வீட்டம்மாள் ஆகிய எவரிடத்தும் கருத்து வேறுபாடு காணப்படாமையின், ஆய்வுக்கு உரிய பொருளன்று என விலக்கப்பட்டது.