கந்துவட்டிப் பள்ளத்தாக்கு

வாய்யா பேராண்டி, வா. இப்படித் திண்ணையில நெழல் பாத்து உக்காரு. பங்குனிப் பொங்கலுக்கு பெங்களூர்ல இருந்து வந்தவன், ரெண்டு நாளா "யப்பா, என்னா வெயிலு"ன்னு விசிறியும் கையுமா அலைஞ்சே. விருதுநகர் மாரியாத்தாளுக்கு ஒரு தடவை அக்கினிச்சட்டி எடுடான்னு உங்க அப்பத்தா கெஞ்சுனா, சுடும்னுட்டே. இன்னைக்கு என்னடான்னா மூவாயிரம் ரூவாய்க்கு ஷூ வாங்கி வச்சுக்கிட்டு, சித்திரை பிறந்ததும் கண்டிக்கோட்டாவுக்கு நடக்கப் போறேங்கே. நான் தடுக்கலைய்யா. சாமிக்கு நடந்தா சுடும், போட்டோவுக்கு நடந்தா சுடாது போலருக்கு. நல்லபடியாப் போயிட்டு வா.

என்ன சொன்னே? "இந்தியாவோட கிராண்ட் கேன்யன்" அதானே? சரிதான். நம்ம சிவகாசியையும் "குட்டி ஜப்பான்"னு சொல்லுதாக. ஜப்பான்ல எவனாவது தன் ஊரை "பெரிய சிவகாசி"ன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? அமெரிக்காக்காரன் பள்ளத்தாக்கு ஒண்ணரைக் கிலோமீட்டருக்கு மேல ஆழம். கடப்பை மாவட்டத்துல ஜம்மலமடுகு பக்கம் பெண்ணாறு வெட்டுன பள்ளம் சுமார் 300 அடி. ஆனா விழுறவனுக்கு 300 அடியே தாராளம். விளிம்புல கம்பி வேலி இருக்கும்னு நெனைக்காதே. செல்பி எடுக்கப் பின்னாடி நகருதவன் முதுகுல கண்ணு இருந்தா எடுக்கட்டும்.

அழகு இல்லைன்னு சொல்லலை. எர்ரமலைக் குன்றை ஆறு ரெண்டாப் பிளந்துக்கிட்டுப் போகுது. ரெண்டு பக்கமும் செவப்புப் பாறை, பலகை பலகையா அடுக்கி வச்சாப்ல. நம்ம ஆப்செட் அச்சகத்துல காலண்டர் அட்டையை அடுக்குவாகள்லா, அப்படி. ஒவ்வொரு அடுக்கும் கோடிக்கணக்கான வருசம் பழசாம். தெலுங்குல "கண்டி"ன்னா மலைக்கு ஊடால உள்ள இடுக்கு, "கோட்டா"ன்னா கோட்டை. இடுக்கை அகழியா வச்சுக் கோட்டை கட்டுனவன் கெட்டிக்காரன், ஒரு பக்கத்துக்கு மம்பட்டிக்கூலி மிச்சம். உள்ள மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல நிக்குது. 1650 வாக்குல கோல்கொண்டாத் தளபதி மீர் ஜும்லா பிடிச்சுட்டான். 1652ல டவர்னியேன்னு ஒரு பிரெஞ்சு வைர வியாபாரி வந்து பாத்துட்டு, அங்க பீரங்கி வார்க்குற வேலை நடந்ததை எழுதி வச்சிருக்கான். வெடிமருந்துக்கும் அந்த ஊருக்கும் அப்பவே சோலி இருந்திருக்கு பாத்துக்கோ.

அதுக்காக நீ சிவகாசிக்காரன்னு காட்டணும்னு பையில சரவெடி எடுத்து வைக்காதே. நேத்து உன் கூட்டாளி போன்ல "பள்ளத்துல வெடிச்சா எதிரொலி எப்படி இருக்கும்டா"ன்னு கேட்டது என் காதுல விழுந்துச்சு. காது மந்தம்னு நீங்களா நெனைச்சுக்கிட்டா அது உங்க பாடு. ரயில்ல வெடி கொண்டு போனா ஜெயிலு. கொண்டு போயிட்டாலும் அங்க கெடக்கிறது காஞ்ச புல்லு. 2018 மார்ச்சுல தேனிப் பக்கம் குரங்கணியில மலையேறப் போன பிள்ளைக காட்டுத் தீயில மாட்டி இருபதுக்கு மேல செத்துச்சுக. நெருப்பை வித்து வயிறு கழுவுத ஊர்க்காரன், போற இடத்துல நெருப்பை வைக்கப்பிடாது.

உனக்கு நடக்கக் கத்துக்கொடுக்க நான் யாரு? நாப்பது வருசம் பட்டாசு ஆலை ரூம்ல குத்த வச்சு இருந்தவன். ஆனா அந்த ரூம்ல கத்துக்கிட்டது நாலைஞ்சு உண்டு. கேட்டுட்டு வேண்டாம்னா கொல்லைப்பக்கம் போட்டுரு.

மொதல்ல, மருந்துக் கலவை விடியக்காலையிலதான். வெயில் ஏறுனப்புறம் மருந்தைத் தொடமாட்டோம். பாறையும் அப்படித்தான், பத்து மணிக்கு மேல அதைத் தொடாதே. கடப்பைச் சித்திரை நம்ம சித்திரைக்கு அண்ணன். நாப்பது டிகிரியைச் சாதாரணமாத் தாண்டும். பாறை பகல் பூரா வாங்குன சூட்டை ராத்திரி வரைக்கும் திருப்பிக் கொடுத்துக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் அறிவுள்ளவன் ஐப்பசிக்கு மேல மாசிக்குள்ள போவான். நீ சித்திரையில போறே. உன்னைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை.

ரெண்டாவது, பருத்தித் துணி. நைலான் சட்டையோட எங்க ஃபோர்மேன் எவனையும் உள்ள விடமாட்டாரு. அவருக்குத் தீப்பொறி பயம், உனக்கு வேர்வை பயம். தலைக்கு அந்த வெளிநாட்டுத் தொப்பியை விட, நனைச்ச ஈரிழைத் துண்டு மேல்.

மூணாவது, ரூமுக்கு நாலு பேர்தான். அஞ்சாவது ஆள் உக்காந்தா அது குத்தம். ஒரு பாறை முனையில ஒம்பது பேரு தோள்ல கை போட்டு நின்னா, அதுவும் அஞ்சாவது ஆள் கணக்குதான். அதுக்காக ஒத்தையா எங்கயும் போயிராதே.

நாலாவதுதான் முக்கியம். மருந்து ரூமுக்கு எதிரெதிரா வாசல் வச்சிருப்பாக. உள்ள காலை வைக்கும்போதே வெளிய ஓடுத வழியைப் பாத்துக்கிடணும். பள்ளத்துல எறங்குறதுக்கு முந்தி ஏறுத வழியைப் பாரு. ஆத்துல தண்ணி அசையாம, பச்சையா, பரமசாதுவாக் கெடக்கும். மயிலவரம் அணைத் தண்ணி வந்து தேங்குத இடம் அது, ஆழம். அர்ஜுனா நதியில முழங்கால் தண்ணி வந்தாலே ஊர்கூடி வேடிக்கை பாக்குத சாதி நாம, அங்க போய் நீச்சல் காட்டாதே. மேல்தெசையில மேகம் கறுத்துச்சுன்னா ஓடைத்தடத்துல நிக்காதே. 2015 மே மாசம் நம்ம சதுரகிரி மலை ஓடையில திடீர்னு வெள்ளம் வந்து, சாமி கும்பிடப் போன சனத்தை அடிச்சுக்கிட்டுப் போகலையா? கோடைதானேன்னு நெனைச்ச சனந்தான் அது.

இம்புட்டும் புஸ்தகத்துல படிச்சேன்னு நெனைக்கியா? நானும் போயிருக்கேன்யா. முப்பது வருசம் இருக்கும். திருப்பதிக்குப் போன வேன், டிரைவர் ஆசைப்பட்டு அங்கிட்டுத் திருப்பிட்டான். பதினோரு மணி. நான் நைலான் சட்டை. கையில அரைப் பாட்டில் தண்ணி. "இம்புட்டுத்தானே பள்ளம்"னு எறங்குனேன். எறக்கம் சுகமா இருந்துச்சு, கால் தானாப் போகுது. கீழ போய் அண்ணாந்து பாத்தப்புறந்தான் வெளங்குச்சு. மலை இருக்கே, அது ரொக்கக் கடைக்காரன். மொதல்ல ஏத்தத்தை வாங்கிக்கிட்டுத்தான் எறக்கத்தைக் கொடுப்பான். பள்ளத்தாக்கு கந்துவட்டிக்காரன். சிரிச்சுக்கிட்டே எறக்கத்தைக் கையில கொடுத்துருவான், திருப்பிக் கேக்கும்போதுதான் தெரியும். எறங்க ஒரு மணி நேரம்னா ஏற ரெண்டு. கையில உள்ள தண்ணியில மூணுல ஒரு பங்கு தீந்துச்சுன்னா மேல திரும்பிரணும். நான் அரைப் பாட்டிலையும் கீழயே முடிச்சுட்டேன்.

பாதி ஏத்தத்துல கண்ணு இருட்டிக்கிட்டு வந்து உக்காந்துட்டேன். ஆடு மேய்க்கிற ஒருத்தர் வந்தாரு. சுரைக்குடுவையில இருந்து ஊத்துனாரு. வெறுந்தண்ணி இல்ல, உப்புப் போட்ட மோரு. வேர்வையில போறது தண்ணி மட்டுமில்லய்யா, உப்பும் சேந்துதான். வெறுந்தண்ணியைக் குடம் குடமாக் குடிச்சாலும் கிறுகிறுப்பு நிக்காது. தெலுங்குல பேசுனாரு. நம்ம கரிசக்காட்டுல பாதித்தெரு தெலுங்குதானே, எனக்கு வெளங்குச்சு. எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னேன். "அங்க வெயில் அடிக்காதா சாமி?"ன்னாரு. "அடிக்கும்"னேன். "பெறகு எதுக்கு இம்புட்டுத் தூரம்?"ன்னுட்டு ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிட்டாரு.

அன்னைக்கு எனக்கு வாயடைச்சுப் போச்சு. பெறகுதான் இதை யோசிச்சேன். அந்தக் கோட்டையை ஆண்ட பெம்மசானி நாயக்கர் வம்சத்துல கொஞ்சப்பேரு, கோட்டை விழுந்த பெறகு தெக்க நடந்து வந்துதான் நம்ம பக்கத்துக் குருவிகுளத்துல ஜமீனா உக்காந்தாகன்னு பெரியவுக சொல்லுவாக. கையில பிள்ளை, தலையில மூட்டை, கால்ல ஷூ கெடையாது. எந்த விளிம்புலயும் நின்னு படம் எடுக்கலை. தப்பிச்சு வந்த சனம் எறங்குன மண்ணுல இருந்து, நாம காசு கட்டித் திரும்பிப் போறோம், வேடிக்கை பாக்க.

சரி, நேரமாச்சு. உங்க அப்பத்தா சாத்தூர்க் காராச்சேவு ரெண்டு பொட்டலம் கட்டி வச்சிருக்கா. ஒண்ணு உனக்கு. மேல ஏறி முடிச்சு, நெழல்ல உக்காந்து, தண்ணி பக்கத்துல இருக்கும்போது தின்னு. இன்னொண்ணைப் பிரிக்காதே. மோர் ஊத்துன அவரு இருக்காரோ இல்லையோ, அங்க ஆடு மேய்க்கிற யாரு கண்ணுல பட்டாலும் அவுக கையில கொடுத்துரு. முப்பது வருசத்து மோர்க்கடன். அசலுக்கு ஆகாது, வட்டிக்காவது இருக்கட்டும்.

பெறகு எதுக்கு இம்புட்டுத் தூரம்னு அவுக கேட்டா, படிச்சவன், நீயாவது ஒரு பதிலைச் சொல்லிட்டு வா.