நினைவூட்டு மூன்று

குடியிருப்போர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்குமானால், அரசாங்கக் கோப்புகளோடு ஆயுளில் பாதியைக் கழித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதற்குக் காரியதரிசியாக இருந்தே தீருவார். அவருக்கு மின்னஞ்சலும் கைவந்துவிட்டால், மிச்சமுள்ள பாதி, வராத பதிலை எதிர்பார்ப்பதிலும், அதை எந்த முகூர்த்தத்தில் ஞாபகப்படுத்துவது என்று நிர்ணயிப்பதிலுமே போய்விடும். 1971-ல் ரே டாம்லின்ஸன் என்ற அமெரிக்கர் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பிக் காட்டியபோது, கடிதம் போய்ச் சேர வழி செய்தாரே ஒழிய, பதில் வந்து சேர ஒரு வழியும் செய்யவில்லை என்பது காரியதரிசியின் தீராத மனஸ்தாபம். தபால் இலாகாவோ அந்தக் காலத்திலேயே ஜவாபுக் கார்டையும் சேர்த்தே விற்றதல்லவா!

ஞாபகப்படுத்துவதற்கு அவரிடம் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. திங்கட்கிழமை காலை கூடாது. அதிகாரி அப்போது இரண்டு நாள் தபாலைத் தள்ளிக்கொண்டிருப்பார். வெள்ளி மாலை கூடாது. அவர் மனம் ஊருக்குப் பஸ் ஏறியிருக்கும். மார்ச் மாதம் கணக்கு முடிப்பு, ஆகவே முழுச் சூன்யம். இப்படிக் கழித்துக் கழித்து, செவ்வாய்க்கிழமை எமகண்டம் நீங்கிய பத்தரை மணி என்று முடிவு கட்டியிருக்கிறார். 'செவ்வாய் நல்ல காரியத்துக்கு ஆகாதே' என்று அம்மாள் ஆட்சேபித்தால், நினைவூட்டு நல்ல காரியத்தில் சேர்ந்ததல்ல என்று சமாதானம் சொல்வார். முதலாவதற்கு 'ஜென்டில் ரிமைண்டர்' என்று தலைப்பு. இரண்டாவதில் ஜென்டில் உதிர்ந்துவிடும். மூன்றாவதில் மேலதிகாரிக்கு நகல் போகும். 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பதிலுக்கு 30 நாள் கெடு வைத்ததிலிருந்து, அந்தச் சட்டத்தைத் தாமாகவே விஸ்தரித்து, லிஃப்ட் கம்பெனிக்கும் சம்பந்தி வீட்டாருக்கும்கூட அதே கெடுவை அவர் அனுக்கிரகித்து வருகிறார்.

பதில் வராததற்கு எதிராளியின் அசிரத்தை ஒன்றே காரணம் என்று நான் ஒப்பமாட்டேன். அவருடைய கடிதம் 'பொருள்', 'பார்வை' என்று ஆரம்பித்து, பழைய கடிதங்களின் தேதிகளை வரிசையாகப் பாராயணம் செய்து, லிஃப்டின் ஜாதகத்தை அது பிறந்த நாள் தொட்டுக் கணித்து, நான்காம் பத்தியின் நடுவே, அடைப்புக்குறிக்குள், 'எப்போது வந்து பழுது பார்ப்பீர்கள்' என்ற கேள்வியைப் பதுக்கி வைத்திருக்கும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அதைக் கைப்பேசியில் பார்க்கிறவன், சாவகாசமாகப் படிக்கலாம் என்று நட்சத்திரக் குறி போடுவான். நட்சத்திரம் போட்ட கடிதத்துக்கு மோட்சம் கிடையாது. கேள்வியை முதல் வரியிலேயே வைத்து, இன்ன தேதிக்குள் தேவை என்றும் எழுதினால் பாதி நினைவூட்டு மிச்சமாகுமே என்று ஜாடையாகச் சொன்னதற்கு, 'அப்புறம் கோப்பில் எதைச் சேர்ப்பதாம்?' என்று கேட்டார்.

வாசகர்களில் யாருக்காவது அவர் கடிதம் வந்து கிடக்குமானால், முடியும் என்றோ முடியாது என்றோ ஒரு வரி எழுதிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்பதும் அவருக்குப் பதில்தான். சந்தோஷமாகக் கோப்பில் சேர்த்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குள் எழுதுவது உத்தமம்.